மேபல் மிஸ் கேட்காத வேலை

பிரேக் கேபிளை மட்டும் மாற்றித் தரும்படிதான் மேபல் மிஸ் சொன்னார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை சொன்னார். "கிஷாந்த், கேபிள் மட்டும். வேற எதுலயும் கை வைக்க வேணாம்." கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர். ஒரு கணக்குக்கு எத்தனை வரி வேண்டுமோ அத்தனை வரிதான் எழுதுவார், பேச்சும் அப்படித்தான். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே வண்டிக்கு அடியில் சொட்டியிருந்த ஒயிலைப் பார்த்தேன். அப்போதே எனக்கு மனம் இருப்புக்கொள்ளாமல் அந்தரம் தொடங்கிவிட்டது.

என் குணம் அப்படி. ஓடுகிற வண்டியை ஓட விட எனக்குத் தெரியாது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், வீட்டோடு சேர்ந்த கராஜில் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைத் திருத்துவது என் தொழில். பழுதானதைத் திருத்துவேன் என்று நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள். எனக்கோ பழுதில்லாததும் கண்ணில் குத்தும். மங்கலாக எரியும் விளக்குக்கு வேறு பல்ப், அந்தப் பல்ப்புக்கு வேறு வயர், அந்த வயருக்கு வேறு பற்றரி என்று போய்க்கொண்டே இருப்பேன். என் சொந்த வண்டி இந்த முன்னேற்றத்தால் மூன்று வருடமாக நான்கு அட்டைப் பெட்டிகளில் கிடக்கிறது. நான் பஸ்ஸில் போய் வருகிறேன். என் மனைவி ஆரணி இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் வீடு கொழும்பில் இல்லை.

மேபல் மிஸ்ஸின் வண்டி 1954ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ., முன்னூற்றைம்பது சீசீ. யாரும் அவருக்கு விட்டுப்போன சொத்தல்ல அது. நாற்பத்தெட்டு வயதில் தானே தேடி வாங்கி, தானே ஓடப் பழகினார். இப்போது அவருக்கு அறுபத்தொன்று. போன மாதம் ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கால் வழுக்கி வண்டியோடு சரிந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. ஆனால் துறைமுகத்தில் வேலை செய்யும் அவருடைய மகன் திலக்ஷன் அன்றைக்கே தாயிடம் வாக்கு வாங்கிவிட்டான். இன்னொரு தரம் விழுந்தால் வண்டியை விற்றுவிட வேண்டும், மறுபேச்சு இல்லை. மிஸ் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது பெற்றோல் டாங்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதனால்தான் பிரேக் சரியாக இருக்க வேண்டும் என்றார்.

கேபிள் ஒரு மணித்தியால வேலை. மிச்ச நாலு நாளும் நான் அந்த ஒயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றுக்கும் உள்ள குணம் இது. ஒயில் எஞ்சினுக்குள் இருப்பதில்லை. பக்கத்தில் தனி டாங்கியில் இருக்கும். ஓடும்போது ஒரு பம்ப் அதை இழுத்து எஞ்சினுக்குக் கொடுத்து, திருப்பி டாங்கிக்கு அனுப்பும். நாலைந்து நாள் வண்டியை நிறுத்தி வைத்தால் டாங்கியில் இருப்பது மெல்ல மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிக்கு இறங்கிவிடும். பிறகு ஸ்டார்ட் பண்ணினால் ஒழுங்கை முழுக்கப் புகை, நிலமெல்லாம் ஒயில். மிஸ் அதற்குப் பழகிவிட்டார். வீட்டில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய கேக் தட்டை வைத்திருக்கிறார். கேக் தட்டு! அதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது.

இதற்கு ஒரு வழி உண்டு. டாங்கியிலிருந்து வரும் குழாயின் நடுவே சின்னப் பித்தளை டப் ஒன்றைப் பொருத்த வேண்டும், தண்ணீர்க் குழாய்க்கு இருப்பது மாதிரி. வண்டியை நிறுத்தியதும் அதைப் பூட்டிவிட்டால் ஒரு சொட்டும் இறங்காது. ஓட முன் திறக்க வேண்டும். மறந்தால் வந்தது வினை. டாங்கி நிறைய ஒயில் இருக்கும், எஞ்சினுக்குள் ஒரு துளியும் போகாது. ஏழெட்டுக் கிலோமீற்றர் ஒன்றும் நடக்காதது போல ஓடும். அதற்குப் பிறகு எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பின்சில்லு சுழலாமல் அப்படியே நின்றுவிடும், ஓடுகிறவர் ரோட்டில் கிடப்பார். அதனால் புத்தியுள்ளவர்கள் டப்போடு சேர்த்து ஒரு சுவிட்சும் போடுவார்கள். டப் பூட்டியிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவே ஆகாது.

திங்கட்கிழமை பின்னேரம் டப்பைப் பொருத்தினேன். மிஸ்ஸிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. சுவிட்சைத் தாங்குவதற்கு ஒரு சின்ன இரும்புத் துண்டு கடைய வேண்டியிருந்தது. அதற்குக் கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் நானாவின் லேத்துக்குப் போக வேண்டும். அது நாளைய வேலை. மிஸ்ஸிடம் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தேன், ஒரு நாள் கையில் இருந்தது. இரவு முழுக்க ஒரு சொட்டாவது இறங்குகிறதா என்று பார்க்க டப்பைப் பூட்டி வைத்தேன்.

என் கராஜில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இந்த வண்டிகளுக்குச் சாவி கிடையாது, யார் வந்து உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகும். அதனால் வேலை முடியாத வண்டியிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவேன். பிளக் இருந்தால் வண்டி தயார். இல்லாவிட்டால் தயாரில்லை. நான் இல்லாத நேரம் யாராவது வந்தால் ஆரணி முதலில் குனிந்து பார்ப்பது பிளக்கைத்தான். பதினொரு வருடத்தில் இதில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை.

அன்று எஞ்சினின் அடியில் தேங்கிய பழைய ஒயிலை வடிக்க வேண்டியிருந்தது. எஞ்சின் சூடாக இருந்தால் ஒயில் நன்றாக வடியும். அதற்காகப் பிளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட விட்டேன். வடித்தேன், டப்பைப் பொருத்தினேன், டாங்கியை நிரப்பினேன், டப்பைப் பூட்டினேன். பிளக்கைத் திரும்பக் கழற்றவில்லை. ஏனென்றால் பக்கத்தில் நின்ற வேறொருவருடைய வண்டியின் கார்ப்பரேற்றர் அந்த நேரம் பார்த்துக் கண்ணில் பட்டுவிட்டது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல ஸாலிஹ் நானாவின் லேத்துக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் அரை மில்லிமீற்றர் குறையுங்கள் என்று அவருடைய உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஆரணி எனக்குப் போன் எடுத்தாள். மேபல் மிஸ் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனதாம். ஆரணியின் குரலில் ஒரு பெருமை கூட இருந்தது.

"ஏன் குடுத்தனி?" என்றேன்.

"பிளக் இருந்தது, அதால குடுத்தனான்," என்றாள்.

எப்போது போனார் என்று கேட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும் என்றாள். எங்கே என்று கேட்டேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை அல்லவா என்றாள். எனக்குத் தெரியாததா? செவ்வாய் தவறாமல் மிஸ் அந்தக் கோயிலுக்குப் போவார். கராஜிலிருந்து வரும் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி, ஒரு மெழுகுதிரி கொளுத்திய பிறகுதான் வேறு எங்கும் ஓடுவார். இதெல்லாம் பல வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டே நான் புதன்கிழமை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு செவ்வாயை வீணாக்கி அவர் வீட்டில் இருப்பாரா?

மிஸ்ஸின் போனுக்கு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஓடும்போது போன் பைக்குள் இருக்கும், பை முதுகில் இருக்கும். ஸாலிஹ் நானா லேத்தை நிறுத்திவிட்டு, "எனத்த மகன், மொகம் வெளுத்துப் போச்சே?" என்றார். நான் ரோட்டுக்கு ஓடினேன்.

ஓடும்போதே கணக்குப் பார்த்தேன். வெள்ளவத்தையிலிருந்து வருகிறவர் மெரைன் டிரைவாலும் வரலாம், காலி வீதிப் பக்கத்தாலும் வரலாம். எதால் வந்தாலும் காலிமுகத்திடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே போய் நின்றால் பிடிக்கலாம். ஆனால் என் வீட்டிலிருந்து காலிமுகத்திடலுக்கு ஏழு கிலோமீற்றர். எஞ்சினும் ஏழு கிலோமீற்றர்தான் தாங்கும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

வந்த முதல் ஓட்டோவை மறித்து ஏறினேன். "மல்லி, கோல்பேஸ், இக்மனட்ட யமு," என்று காலிமுகத்திடலுக்கு விரைவாகப் போகச் சொன்னேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை கோயில் சனம், அவசரப்பட்டு வேலையில்லை என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. பூமாலையும் மெழுகுதிரியும் விற்கிறவர்கள் ரோட்டின் பாதியை எடுத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் புறக்கோட்டை. கைவண்டியில் வெங்காய மூட்டை ஏற்றிய ஒருவர் எங்களுக்கு முன்னால் தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தார். ஹோர்ன் அடிக்கச் சொன்னேன், அடித்தார். இன்னும் அடிக்கச் சொன்னேன். இறங்கி ஓடினால் என்ன என்று ஒரு காலை வெளியே வைத்தேன், பிறகு உள்ளே எடுத்தேன். நான் அந்தரப்படுவதைப் பார்த்து, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று ஓட்டோக்காரர் கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன்.

இப்போது பம்பலப்பிட்டியைத் தாண்டியிருப்பார். இப்போது கொள்ளுப்பிட்டி. பின்சில்லு இறுகும் நேரம் கிளச்சை இழுத்தால் தப்பலாம், ஆனால் அதற்கு ஒரு நொடி கூடக் கிடைக்காது. பின்னால் பஸ் வந்தால்? தனியார் பஸ்காரன் பிரேக் பிடிப்பானா? எனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். பழக்கமில்லாத அந்தோனியாரையும் கூப்பிட்டேன். உம்மைப் பார்க்கத்தானே வருகிறார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் என்று சண்டை பிடித்தேன். இடையிடையே மிஸ்ஸின் போனுக்கு எடுத்தேன். பதினாலு தடவை எடுத்திருக்கிறேன் என்று பிறகு பார்த்தபோது தெரிந்தது.

காலிமுகத்திடலில் ரோட்டோரம் ஏழெட்டுப் பேர் கூடி நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. ஓட்டோ நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டேன்.

மிஸ் நடைபாதை விளிம்பில் இருந்தார். உயிரோடு இருந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது, இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது, காற்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. யாரோ கொடுத்த தண்ணீர்ப் போத்தலை வலது கையில் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. வண்டியை ஒரு பொலிஸ்காரர் ஓரமாக நிமிர்த்தி வைத்திருந்தார். பின்னால் வந்த வேன்காரர் நல்ல மனிதர், சட்டென்று நிறுத்திவிட்டாராம்.

"விழுந்துட்டேன், கிஷாந்த்," என்றார் மிஸ். நான் எப்படி அங்கே வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தால் போகும்போது கண்டிருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. மகனுக்குப் பொலிஸ்காரர் போன் எடுத்துவிட்டார், துறைமுகம் பக்கத்தில்தானே, இப்போது வந்துவிடுவான் என்றார். அதைச் சொன்னபோதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

பொலிஸ்காரர் மிஸ்ஸிடம் திரும்பி லைசன்ஸ் விவரம் கேட்கத் தொடங்கினார். நான் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினேன். எஞ்சினிலிருந்து கருகிய மணம் வந்தது. டாங்கிக்குக் கீழே டப் நான் பூட்டியபடியே இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் விரல் அதைக் கால் வட்டம் திருப்பித் திறந்துவிட்டது. விரல் திறந்தது என்று எழுதுவது ஒரு சமாளிப்பு. நான்தான் திறந்தேன். திறந்ததும் மனதுக்கு ஒரு ஆறுதல் வந்தது, அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனி யார் வந்து பார்த்தாலும் எழுபது வருடப் பழைய எஞ்சின் ஒன்று நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

பொலிஸ்காரர் அந்தப் பக்கம் போனதும் மிஸ் என்னைக் கூப்பிட்டார். ஒரு கணக்கைப் போர்டில் செய்து காட்டுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பொறப்பட முன்ன ஒயில் டாங்கியத் தொறந்து பார்த்தேன். நெறைய இருந்திச்சு. பெற்றோல் இருந்திச்சு. பிரேக் நீங்க செஞ்சது, அதுல பிழை இருக்காது. அப்ப மிச்சம் நான்தான். ஏதோ ஒன்னை நான் சரியா செய்யல்ல."

எங்கேயோ கியரைத் தவறாக மாற்றியிருப்பார் போல, வயது போனால் தனக்குத் தெரியாமலே இப்படி நடக்கும் போல என்று அவரே ஒரு விடையும் கண்டுபிடித்துவிட்டார். கிளச்சை எப்போது இழுத்தீர்கள் என்று கேட்டேன். சில்லு வழுக்கியதுமே இழுத்துவிட்டேன் என்றார். அதனால்தான் மணிக்கட்டோடு தப்பியிருக்கிறார். அந்த ஒரு நொடியில் கிளச்சை இழுக்கக்கூடியவர்கள் எனக்குத் தெரிந்து கொழும்பில் நாலு பேர் இல்லை. அவரோ தனக்குக் கை தளர்ந்துவிட்டது என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திலக்ஷன் சின்ன லொறி ஒன்றில் இரண்டு பேரோடு வந்து இறங்கினான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. தாயின் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தான், விரல்களை மடக்கச் சொன்னான். பிறகு அவரை நிமிர்ந்து பார்க்காமல், "அம்மா, நீங்க சொன்ன சொல்லு," என்றான்.

"ஞாபகம் இருக்கு மகன். வித்துரு," என்றார் மிஸ். சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் அழுதிருந்தால் நான் எப்படியாவது பொறுத்திருப்பேன். அவர் அழவில்லை. பிழை தன்னுடையது என்று கணக்கு முடிந்துவிட்டது, தண்டனையை வாங்கிக்கொண்டார். லொறியில் வந்த இரண்டு பேரும் வண்டியைப் பிடிக்க வந்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் என் பெயருக்கு ஒன்றும் வராது. மிஸ் மட்டும் இனி எந்த நாளும் வண்டி ஓடமாட்டார்.

"மிஸ், நீங்க ஒரு பிழையும் விடேல்ல. எல்லாம் நான் செய்தது," என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்தமுடியவில்லை. கேட்காமல் டப் போட்டது, அதைப் பூட்டி வைத்தது, பிளக்கைக் கழற்ற மறந்தது எல்லாவற்றையும் கொட்டினேன். திலக்ஷன் என் சேர்ட்டைக் கொத்தாகப் பிடித்தான். அடிக்கட்டும் என்றுதான் இருந்தது. மிஸ் "விடு" என்றார். எழுந்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். நான் டப்பைக் காட்டினேன். அதை விரலால் பூட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார்.

"தொறந்துதானே இருக்கு," என்றார்.

"இப்பத்தான் திறந்தனான். நீங்க பொலிஸோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்க."

மிஸ் நிமிர்ந்தார். அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"வண்டிய விக்கிற கதை வரலன்னா, இத சொல்லியிருப்பீங்களா?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிய பிள்ளைகளின் முகத்தை முப்பது வருடம் பார்த்தவர் முன்னால் நிற்கிறேன். அதோடு, கால் மணித்தியாலத்துக்கு முன் எனக்கு வந்த அந்த ஆறுதலை நான் மறக்கவில்லை.

"தெரியாது, மிஸ்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு மகனிடம் திரும்பினார். "கேட்டியா? நான் விழல்ல. வண்டி வீட்டுக்கு வரும். கை சுகமானதும் நான் ஓடுவேன், வேற ஒரு மெக்கானிக்கப் பாரு." திலக்ஷன் என்னவோ சொல்ல வந்தான், தாயின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். கடைசியாக மிஸ் என்னிடம் வந்தார். குரலில் கோபம் இல்லை.

"நீங்க நல்ல வேலைக்காரர், கிஷாந்த். ஆனா உங்கள நம்பி நான் என்னையே சந்தேகப்பட்டுட்டேன். இனி உங்ககிட்ட வரமாட்டேன்."

பின்சில்லு உருளவில்லை. மூன்று பேரும் மூச்சு வாங்க வண்டியை லொறியில் தூக்கி ஏற்றினார்கள். மிஸ் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். லொறி போய் மறைந்த பிறகும் நான் அதே இடத்தில் நின்றேன். ஆரணி போன் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் ஹலோ சொன்னதும், தான் வண்டியைக் கொடுத்திருக்கக் கூடாது என்று அழத் தொடங்கினாள். உன்னில் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் நான் செய்தது என்று சொன்னேன். இரண்டாவது முறை சொல்ல அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

"மிஸ் என்ன சொன்னவ?" என்று கேட்டாள்.

"கை சுகமானதும் ஓடுவாவாம்," என்றேன். மிச்சத்தைப் போனில் சொல்லவில்லை.